சூரைச் செடியின் நிழலிலே



மே மாதம் தேவமாதாவின் வணக்க மாதம். நம் பிள்ளைகளுக்கோ அது பரீட்சை முடிவுகள் வெளிவருகிற மாதம். இந்நாட்களில் சாயங்கால ஜெபமாலைக்கு வருகிற தாய்மாரில் அநேகர், மாதாவின் பீடத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, "சாமி, மகன் பன்னிரண்டாவது எழுதியிருக்கிறான், வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கேட்கிறார்கள். வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை ராத்திரியில் தூங்குகிறானா? வேளைக்குச் சாப்பிடுகிறானா? அநேகர் இந்தக் கேள்வியைக் குருவானவரிடமிருந்து எதிர்பார்ப்பதில்லை. இது வைத்தியர் கேட்கவேண்டியது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. இது வேதாகமத்திலே சர்வேசுரன் தாமே கவனித்த காரியம். அதைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

எலியாஸ் தீர்க்கதரிசியை நீங்கள் அறிவீர்கள். கார்மேல் மலையின்மேல் பாகாலின் பொய்த் தீர்க்கதரிசிகள் எல்லாருக்கும் எதிரே தனி ஒருவராய் நின்று, வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்த மகா வீரர். ஆனால் அந்த வெற்றிக்குப் பின் நடந்ததை நாம் அதிகமாய்ப் பேசுவதில்லை. எசாபேல் என்னும் அரசி அவரைக் கொல்லுவதாய் ஆணையிட்டாள். எலியாஸ் பயந்து ஓடினார். தம் ஊழியனையும் வழியில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பயணம் தனியாய் நடந்து, ஒரு சூரைச் செடியின் கீழே உட்கார்ந்தார். போதும், ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினார். அப்படியே படுத்துத் தூங்கிப்போனார்.

கவனியுங்கள். இப்படிச் சொன்னவர் அவிசுவாசியல்ல, சோம்பேறியல்ல, கோழையுமல்ல. நேற்று வரைக்கும் ஒரு தேசத்துக்கே தைரியம் சொன்னவர். இன்றைக்கு வாழ்வே வேண்டாம் என்கிறார். சர்வேசுரன் அவருக்கு என்ன பதில் கொடுத்தார்? "உனக்கு எவ்வளவு செய்தேன், இப்படி நன்றிகெட்டுப் பேசுகிறாயே" என்று கடிந்துகொண்டாரா? இல்லை. "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்" என்று ஒப்பிட்டுக் காட்டினாரா? அதுவும் இல்லை. ஒரு சம்மனசை அனுப்பினார். அந்தச் சம்மனசு செய்ததெல்லாம், அவரைத் தொட்டு எழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னதுதான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். சம்மனசு அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. தூங்கவிட்டு, இரண்டாந்தரமும் வந்து தொட்டு, வழி நெடிது, இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்றது. நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆண்டவர், இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். எலியாஸ் தம் மனக்குறையைக் கொட்டினார். ஆண்டவர் மறுபடி கேட்டார். எலியாஸ் அதே குறையை, அதே வார்த்தைகளில் மறுபடி சொன்னார். "இதைத்தான் முன்னமே சொன்னாயே" என்று ஆண்டவர் அவர் வாயை அடைக்கவில்லை. கடைசியில் செய்யவேண்டிய வேலையையும் காட்டினார். கூடவே நடப்பதற்கு எலிசேயுஸ் என்கிற ஓர் இளைஞனையும் கொடுத்தார்.

ஆகையால், பெற்றோரே, சர்வேசுரன் கையாண்ட ஒழுங்கைப் பாருங்கள். முதலில் சோறு, தண்ணீர், தூக்கம். பிறகு கேள்வி. பிறகு பொறுமையாய்க் கேட்டல். வேலையும் புத்திமதியும் அதற்கெல்லாம் பின்னால்தான். நம் வீடுகளில் இந்த ஒழுங்கு தலைகீழாய் இருக்கிறது. பிள்ளை செருப்பைக் கழற்றுமுன்னே, "டெஸ்டில் எவ்வளவு?" என்கிறோம். புத்திமதி முந்திக்கொள்ளுகிறது, சோறு பிந்திப்போகிறது. தூக்கமோ பரீட்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்படுகிறது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது இக்கால வைத்திய சாஸ்திரம் தெளிவாய்ச் சொல்வது. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி ஸ்பெஷல் கிளாசுக்கு அனுப்பி, இரவு பதினொரு மணிவரை டியூஷனில் வைத்திருக்கிற பிள்ளை அந்த எட்டு மணியை எங்கே தேடும்?

சிலர் கேட்கலாம்: "சாமி, மனச்சோர்வு என்பது விசுவாசக் குறைவல்லவா? ஜெபம் செய்கிற பிள்ளைக்கு விசனம் எப்படி வரும்?" இந்தத் தப்பெண்ணம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆழமாய் வேரூன்றியிருக்கிறது. ஜெத்சமனித் தோட்டத்தில் நமது ஆண்டவர் பட்ட விசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தமது ஆத்துமம் சாகுமளவுக்குத் துயரப்படுகிறது என்று அவரே தம் சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். பாவமில்லாதவருக்கு வந்த துயரம் பாவமாயிருக்கக்கூடுமோ? அந்த வேளையில் அவர் கேட்டது பெரிய உதவியல்ல. பக்கத்தில் விழித்திருங்கள் என்றுமட்டும் கேட்டார். சீஷர்கள் தூங்கிப்போனார்கள். அங்கேயும் ஒரு சம்மனசுதான் வந்து அவரைத் திடப்படுத்த வேண்டியதாயிற்று. நம் வீட்டில் ஒரு பிள்ளை இரவு தனியே விழித்திருக்கும்போது நாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதை ஒவ்வொரு தகப்பனும் தாயும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

விசனம் எல்லாருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக அது நீங்காமல் தங்கி, பிள்ளையின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுத்து, அவன் விரும்பி விளையாடின விளையாட்டே கசந்துபோகுமானால், அது வியாதி. காய்ச்சலைப்போல, காமாலையைப்போல வியாதி. சிறு பிள்ளைகள் "எனக்கு மனக்கஷ்டம்" என்று சொல்ல அறியார்கள். பள்ளிக்குப் புறப்படுகிற நேரத்தில்மட்டும் வயிற்றுவலி என்பார்கள், தலைவலி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வலி இராது. உடனே நாம் "வேஷம் போடுகிறான்" என்று முடிவுகட்டுகிறோம். வலி மெய்தான், அதன் வேர்தான் வேறிடத்தில் இருக்கிறது. வளர்ந்த பையன்களோ துக்கத்தைக் கோபமாய்க் காட்டுவார்கள். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிற பிள்ளையைத் திமிர்பிடித்தவன் என்று தள்ளிவிடாதேயுங்கள். காமாலை வந்தால் வைத்தியரிடம் அழைத்துப் போகிறோம். இதற்குமட்டும் மந்திரித்துத் தாயத்துக் கட்டவும், அல்லது ஊர் தெரியாமல் மறைக்கவும் பார்க்கிறோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல வைத்தியத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஜெபம் வைத்தியத்துக்கு விரோதியல்ல.

பரீட்சை எழுதுகிறவர்கள் கூபெர்த்தீனோ நகரத்து அர்ச். சூசையை மன்றாடுவது வழக்கம். 1603 முதல் 1663 வரை வாழ்ந்த இந்தப் பிரான்சிஸ்கன் குரு படிப்பில் மிகவும் மந்தமானவர். மேற்றிராணியார் சோதித்தபோது, தமக்கு நன்றாய்த் தெரிந்த ஒரே பகுதியிலிருந்து கேள்வி வந்ததென்றும், அடுத்த தடவை முன்னே நின்றவர்கள் நன்றாய்ப் பதில் சொல்லிவிட்டதால் இவரைக் கேளாமலே தேர்ச்சியாக்கிவிட்டார்கள் என்றும் அவர் சரித்திரம் சொல்லுகிறது. முதல் ராங்கு வேண்டும் என்று அவரிடம் கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்! அவர் ஒருபோதும் முதல் ராங்கு வாங்கினவரல்ல. 1767-ம் ஆண்டில் திருச்சபை அவரைப் பீடத்துக்கு உயர்த்தியபோது மார்க்குப் பட்டியலைக் கேட்கவுமில்லை.

நம் தமிழ்நாட்டிலே, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைகளில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்களை வெளியிடும் வழக்கத்தை 2017-ம் ஆண்டில் அரசாங்கமே நிறுத்திவிட்டது. தவறினவர்கள் ஒரு வருஷத்தை இழக்காதபடி, முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதும் ஏற்பாடும் உண்டு. அரசாங்கம் விட்டுவிட்டது, ஆனால் நாம் விடவில்லை. சித்தப்பா மகன் எவ்வளவு, எதிர்வீட்டுப் பெண் எவ்வளவு என்று திண்ணையிலே உட்கார்ந்து நாமே ராங்கு போடுகிறோம். முடிவு வந்த அன்று உறவினர் வீடுகளிலிருந்து வருகிற தொலைபேசி விசாரிப்பு இருக்கிறதே, அது அநேகம் பிள்ளைகளுக்குப் பரீட்சையைவிடப் பெரிய பரீட்சை. அன்றைக்கு அந்தத் தொலைபேசியைத் தகப்பன் எடுத்துப் பேசட்டும். "பிள்ளை நன்றாயிருக்கிறான்" என்று சொன்னால் போதும். கேட்கிறவர்கள் எல்லாருக்கும் மார்க்குச் சொல்லவேண்டிய கடமை எந்தக் கட்டளையிலும் இல்லை.

பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? தேவமாதாவைப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பாலன் சேசுவைக் காணாமல் மூன்று நாள் வியாகுலத்தோடு தேடின தாய், தேவாலயத்தில் கண்டபோது ஏன் இப்படிச் செய்தாய் மகனே என்று கேட்டு, தானும் சூசையப்பரும் பட்ட துயரத்தைச் சொன்னாள். அவர் சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று சுவிசேஷகர் மறைக்காமல் எழுதுகிறார். விளங்காததற்காக அவள் அவரை அதட்டவில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டாள். நம் பிள்ளைகள் சொல்வதும் சிலவேளை நமக்கு விளங்காது. அவர்களுடைய செல்போன் உலகம் நமக்கு அந்நியம். விளங்காவிட்டாலும் கேட்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கை அணைத்துவிட்டு வாசற்படியில் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னய்யா ராசா, இரண்டு நாளாய் முகம் சரியில்லையே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். பதில் அன்றைக்கே வராமற்போகலாம். சம்மனசும் இரண்டாந்தரம் வரவேண்டியிருந்ததே.

இனி உபாத்தியாயர்களைப்பற்றி. சூரைச் செடியின் கீழ் படுத்திருந்தவர் ஒரு மாணாக்கன் அல்ல, ஒரு போதகர். இதை நாம் மறந்துவிடுகிறோம். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தி, தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் போய், பிள்ளைகளின் விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீட்டிற்கு வந்து விடைத்தாள் திருத்தி, தன் சொந்தப் பிள்ளைகளுக்கு உலைவைக்கிற ஆசிரியைக்கு மனம் இரும்பால் செய்யப்பட்டதா? பல வருஷமாய்க் கணக்குப் பாடம் நடத்தும் ஒருவர் ஒருமுறை சொன்னார்: "சாமி, பெற்றோர் என்னிடம் வந்தால் இரண்டே காரியம். மார்க் ஏன் குறைந்தது என்பார்கள், அல்லது பிள்ளையை ஏன் திட்டினீர்கள் என்பார்கள். டீச்சர், சாப்பிட்டீர்களா என்று கேட்டவர் இல்லை." அவர் குறையாய்ச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மோயீசனின் மாமனார் யெத்ரோ மருமகனைப் பார்க்க வந்த வரலாற்றை வாசித்துப் பாருங்கள். காலைமுதல் மாலைவரை மோயீசன் தனியாய் உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளைத் தீர்ப்பதைக் கண்டு, நீர் செய்வது நல்லதல்ல, நீரும் இளைத்துப்போவீர், ஜனங்களும் இளைத்துப்போவார்கள், உமக்கு உதவியாய் ஆட்களை நியமித்துக்கொள்ளும் என்று புத்தி சொன்னார். மோயீசன் கேட்டார். நமது பள்ளிகளின் தாளாளர்களான குருக்களும் கன்னியாஸ்திரீகளும் யெத்ரோவின் கண்ணோடு தங்கள் ஆசிரியர்களைப் பார்க்க வேண்டும். "உங்கள் வகுப்பில் ஏன் நூற்றுக்கு நூறு இல்லை?" என்று கேட்கும் கூட்டங்கள் வருஷத்தில் எத்தனை? "உங்களுக்கு என்ன பாரம்? எதைக் குறைக்கலாம்?" என்று கேட்கும் கூட்டங்கள் எத்தனை? இன்னொன்றும் சொல்லவேண்டும். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்கிற பலகையை வாசலில் மாட்டுவதற்காக, பின்தங்கின பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு வேறிடம் பார்க்கச் சொல்லுகிற வழக்கம் எங்கேயாவது இருக்குமானால், தொண்ணூற்றொன்பதை விட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடின மேய்ப்பரின் பெயரால் நடக்கும் பள்ளியில் அதற்கு இடமில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வருத்துவதையும் 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 17-ம் பிரிவில் விலக்கியிருக்கிறது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. நாக்கு போகவில்லை. வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி ஒரு பிள்ளையை, அவன் சாதியையோ நிறத்தையோ தகப்பன் தொழிலையோ சொல்லிக் கேலிபேசுகிற நாக்கு பிரம்பைவிட ஆழமாய்க் காயப்படுத்தும். தூரின் நகரத்து வீதிப் பிள்ளைகளுக்குத் தகப்பனாயிருந்த அர்ச். தொன் போஸ்கோ 1884-ம் ஆண்டில் ரோமாபுரியிலிருந்து தம் சபையாருக்கு எழுதின கடிதத்தில் வற்புறுத்தின காரியம் இது: பிள்ளைகளை நேசித்தால்மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பதை அவர்கள் உணரவேண்டும். நம்மில் பெரும்பாலோர் முதல் பாதியை நிறைவேற்றுகிறோம். நேசிக்கிறோம். பிள்ளைக்குத்தான் அது தெரிவதில்லை.

கடைசியாக, சொல்லக் கூச்சமான, ஆனால் சொல்லாமல் விடக்கூடாத காரியம். 2022-ம் ஆண்டில்மட்டும் நம் தேசத்தில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது. ஒவ்வொன்றும் ஒரு தாயின் வயிற்றில் பிறந்த பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒன்றல்ல, பல. ஆகவே இன்னாரால்தான் என்று விரல் நீட்டுவது வேண்டாம். தடுக்கக்கூடியதைத் தடுப்போம். "நான் இருந்து என்ன பயன்", "என்னால் எல்லாருக்கும் பாரம்" என்று பிள்ளை சொன்னால், அருமையாய் வைத்திருந்த பொருள்களைத் திடீரென்று மற்றவர்களுக்குக் கொடுத்தால், அதை விளையாட்டாய் எடுக்காதேயுங்கள். "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா, கண்ணு?" என்று நேராய்க் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாய் முளைக்கும் என்று பயப்படவேண்டாம். கேட்டால் நெஞ்சின் பாரம் இறங்கும் என்பதே மனநல வைத்தியர்களின் அனுபவம். அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். வயலுக்கு வாங்கின மருந்தையும் பெரியவர்களின் மாத்திரைகளையும் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்பது 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி தொடங்கின மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசி. இரவும் பகலும், செலவில்லாமல், தமிழிலே பேசலாம். பிள்ளைகளும் பேசலாம், ஆசிரியர்களும் பேசலாம், என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிற தாயும் பேசலாம். சாக முயன்று பிழைத்தவர்களைப் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமலிருப்பவர்கள் உண்டு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, தண்டனைக்குப் பதிலாகப் பராமரிப்புத் தரச் சொல்லுகிறது.

நம் பங்கின் வயதானவர்களுக்கு வேறொரு வருத்தம் மனத்தில் இருக்கும். அப்படி மரித்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே அடக்கம் செய்த காலத்தை அவர்கள் அறிவார்கள். 1917-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தெரிந்து மனம்பொருந்தி அப்படிச் செய்தவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது மெய். 1983-ம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. உயிர் சர்வேசுரனுடையது, அதை எடுக்க நமக்கு உரிமையில்லை என்கிற போதனை மாறவில்லை. ஆனால் கடுமையான மனக்கோளாறும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய இரட்சணியத்தைப்பற்றி நாம் நம்பிக்கையிழக்கக் கூடாது என்றும், 1992-ம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2282, 2283-ம் எண்களில் போதிக்கிறது. திருச்சபை அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுகிறது. அப்படி ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் நம்மிடையே இருக்குமானால், அந்த வீட்டு வாசலைத் தாண்டிப்போகாதேயுங்கள். ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று விசாரிக்கவும் வேண்டாம். சோறு சமைத்து எடுத்துப்போங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளிவரும் நாளில் நம் கோயில் காலைத் திருப்பலி முதல் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். வின்சென்ட் தே பவுல் சபையார் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு ஏற்பாடு செய்கிறார்கள். தேறினவர்களும் தேறாதவர்களும், அவர்களுடைய ஆசிரியர்களும் வரலாம். துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் எழுதவும், பாடம் சொல்லிக்கொடுக்கவும் பங்கின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் அன்று பிற்பகல் அங்கே இருப்பார்கள். தனியே பேசவேண்டியவர்களுக்கு என் அறைக் கதவு திறந்திருக்கும். மார்க்குப் பட்டியலைக் கொண்டுவர வேண்டியதில்லை.